வண்டியின் அடியில் சேறு ஒட்டாமலிருக்க எது நல்லது: தார்ப்பூச்சா, பழைய ஒயிலா, சிலிக்கோன் ஸ்ப்ரேயா?

கித்துல்கல, சிங்கராஜப் பக்கத்துச் செம்மண்ணில் களி அதிகம். ஈரமாக இருக்கும்வரை வழுக்கும். காய்ந்தால் சொரசொரப்பான இடமெல்லாம் கல்லாய் இறுகும். அப்படியே கொழும்புக்கு வந்து நின்றால் கடற்காற்றின் உப்பும் சேரும், கெப்பின் செசி (வண்டியின் அடிச்சட்டம்) உள்ளேயிருந்தே அரிக்கும். எங்கள் தெரிவு சிலிக்கோன் ஸ்ப்ரே.

பழைய ஒயிலையும் டீசலையும் கலந்து அடியில் அடிக்கும் வழக்கத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. காசு குறைவு. ஆனால் தூசியைப் பிடித்துப் பசையாக்கும், ரப்பர் புஷ்களை ஊதவைக்கும், வடிவது கானுக்குள் போகும்.

தார்ப்பூச்சுக்கு ஒரு நியாயம் உண்டு: கல்லடியைத் தாங்கும், சத்தத்தைக் குறைக்கும். நாள்தோறும் தார் வீதியில் மட்டும் ஓடும் வண்டிக்கு அது போதும். சேற்றுக்குப் போகும் வண்டிக்குத்தான் சிக்கல். அதன் பரப்பு மணல்தாள் போலச் சொரசொரப்பானது, களி அதில் நன்றாகவே பிடிக்கும். அதைவிட மோசம், ஒரு கல் பட்டு வெடித்த இடத்தால் தண்ணீர் உள்ளே போய்ப் பூச்சுக்கும் இரும்புக்கும் நடுவே தங்குவது. மேலே கறுப்பாகப் பளபளக்கும். ஸ்குரூட்ரைவரால் தட்டினால்தான் துரு செதிளாக உதிரும். எதைத் தெரிவுசெய்வது என்பது இங்கேதான் முடிவாகிறது: கழுவியபின் இரும்பைக் கண்ணால் பார்க்க முடிய வேண்டும்.

சிலிக்கோன் சேற்றைத் தடுக்காது, விடுவிக்கும். களி பிடித்தாலும் கட்டியாகக் கழன்று விழும், மிச்சம் சாதாரணக் குழாய்த் தண்ணீருக்கே போகும். ரப்பரைக் கெடுக்காது. அடிப்பதற்கு முதல்நாள் வண்டியின் அடியைக் கழுவி இரவு முழுக்கக் காயவிடுங்கள். ஈரத்தின் மேல் அடித்தால் வீண். மட்கார்டின் உள்பக்கம், மட்ஃப்ளாப், செசியின் வெளிப்பக்கம், வில்லுத் தகட்டின் யூ போல்ட் சுற்று ஆகிய இடங்களில் ஒரு சாண் தள்ளிப் பிடித்து மெல்லியதாக இரண்டு தடவை, இடையில் 10 நிமிடம் விட்டு அடியுங்கள். அதற்குமுன் பிரேக் டிஸ்க்கைப் பொலித்தீன் பையால் மூடுங்கள். டயரின் பிடிமானப் பக்கத்திலும் பெடலிலும் ஒரு துளிகூடப் படக்கூடாது. டிங்கர் வேலைக்கும் பெயின்டுக்கும் விடப்போகும் வண்டியென்றால் அடிக்கவே வேண்டாம், புதுப் பெயின்ட் குழிகுழியாகும்.

குறையும் உண்டு. துருவை இது நிறுத்தாது, ஒவ்வொரு பயணத்துக்கும் முன் திரும்ப அடிக்க வேண்டும். இரண்டு மூன்று ஆறு இறங்கி ஏறினால் எவ்வளவு மிஞ்சும் என்று உறுதி சொல்ல மாட்டோம்.

எதைப் பூசினாலும், வந்த அன்றே கழுவுங்கள். காய்ந்துவிட்டால் உயர் அழுத்தக் குழாயை எடுக்க வேண்டாம்; அது களியை இடுக்குக்குள் தள்ளும், வீல் பேரிங் சீலுக்குள் தண்ணீரை ஏற்றும். புல்லுக்கு நீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரை அடியில் வைத்து 20 நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு செசியின் வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தி, வடிவது தெளியும்வரை உள்ளே தண்ணீர் விடுங்கள். ரிம்மின் உள்வளையத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் களி காய்ந்திருந்தால் வேகம் எடுக்கும்போது ஸ்டியரிங் நடுங்கும், பிழை வீல் அலைன்மென்டில் என்று வீணாகத் தேடுவீர்கள்.