மோட்டாரின் வோல்ட்டைக் குறைத்த பிறகு: ஆறு ஆண்டு அனுபவம்

என் டர்ன்டேபிள் (இசைத்தட்டைச் சுழற்றும் கருவி) பெல்ட்டில் ஓடுவது. உள்ளே இருப்பது 24 துருவம் கொண்ட 110 வோல்ட் ஏ.சி. சிங்க்ரனஸ் மோட்டார். மோட்டாரின் அதிர்வைக் குறைக்க, வோல்ட்டைக் கூட்டவும் குறைக்கவும் வசதியுள்ள தனி மின்வழங்கி ஒன்றை ஆறு ஆண்டுகளுக்கு முன் இதனுடன் இணைத்தேன்.

வோல்ட் குறைந்தால் வேகமும் குறையும் என்று பலர் அஞ்சுகிறார்கள். இந்த வகை மோட்டாரில் வேகத்தைத் தீர்மானிப்பது மின்சாரத்தின் அதிர்வெண். 50 ஹெர்ட்ஸில் அது நிமிடத்துக்கு 250 முறை சுற்றும். கப்பியும் பெல்ட்டும் அதை 33⅓ ஆக்கித் தட்டுக்குக் கொடுக்கும். 110, 90, 75 வோல்ட் என்று படிப்படியாக இறக்கி, ஒவ்வொரு முறையும் 3150 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓட்டி அளந்தேன். சராசரி வேகம் மாறவே இல்லை.

மாறியது அதிர்வுதான். பெல்ட்டைக் கழற்றி, மோட்டாரை மட்டும் ஓடவிட்டு, அசையாமல் இருந்த இசைத்தட்டின்மேல் ஊசியை வைத்துக் கேட்டேன். 110 வோல்ட்டில் தாழ்ந்த ரீங்காரம் ஒன்று ஸ்பீக்கரில் தெளிவாக வந்தது. மோட்டாரை அணைத்ததும் அதுவும் நின்றது. ஆகவே அது ஆம்ப்ளிஃபையரின் இரைச்சல் அல்ல. 75 வோல்ட்டில் ஸ்பீக்கர் அருகே காதைக் கொண்டுபோனால்தான் கேட்டது. மோட்டாரின் சூடும் தணிந்தது. இசையில் இதன் பலன், தனிப் பியானோ வாசிப்பில் ஒரு சுரம் தேய்ந்து அடங்கும் இடத்தில் முதலில் தெரிந்தது: அந்தக் கடைசி இழை முன்பு ரீங்காரத்தில் மூழ்கிப்போகும், இப்போது முழுவதும் கேட்கிறது. ஆர்ப்பாட்டமான பதிவுகளில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இன்னும் இறக்கலாமே என்று 50 வரை போனேன். அது தவறு. இழுவிசை போதாமல், தட்டைத் துடைக்கும் தூரிகையை வைத்தவுடன் மோட்டார் தடுமாறியது. அதனால் 110 வோல்ட்டில் கிளப்பி, வேகம் பிடித்ததும் 75க்கு இறக்குகிறேன்.

நான்காம் ஆண்டில் அதிர்வு மெல்லத் திரும்பியது. இரண்டொரு முறை மோட்டார் எதிர்த்திசையிலும் கிளம்பியது. மோட்டாரின் இரு சுருள்களுக்கும் இடையே கட்ட வேறுபாட்டை (மின்னலைகள் ஒன்றுக்கொன்று சற்று முன்பின்னாக வருவதை) உண்டாக்கும் கெப்பாசிட்டர் திறன் குன்றியிருந்தது. புதியதை ஒரு மின்பணியாளர் பொருத்தித் தந்தார். வோல்ட்டைக் குறைத்ததில் கிடைத்ததைவிட அன்று கிடைத்த அமைதி பெரிது. இன்று தொடங்குவதானால் மின்வழங்கி வாங்கும் முன் கெப்பாசிட்டரைத்தான் சோதிப்பேன்.

டி.சி. மோட்டார் வைத்திருப்பவர்கள் இதைப் பின்பற்ற வேண்டாம். வேகத்தைத் தானே சரிசெய்யும் சுற்று இல்லாத டி.சி. மோட்டாரில் வோல்ட் இறங்கினால் வேகம் இறங்கும், சுருதியும் கூடவே இறங்கிவிடும். அங்கே தேவைப்படுவது துளியும் அசையாத வோல்ட்.