மருதமுனைக் கைத்தறி நப்பி: ரெண்டு புள்ளைக்குப் பாவிச்சு முடிச்ச பிறகு

போன கிழமையோட சின்னவன் பகல்ல நப்பிய விட்டுட்டான். கொடில கிடந்த எல்லாத்தையும் எடுத்து எண்ணிப் பாத்தன், 24 வாங்கினதுல 19 இன்னும் நல்லா இரிக்கு. ரெண்டு புள்ளைக்குப் பாவிச்ச துணி. இத வாங்கினா நல்லமா எண்டு கன பேர் கேட்டவங்க, அப்பெல்லாம் பாவிச்சு முடியட்டும் சொல்றன் எண்டு விட்டிருந்தன், இப்ப சொல்லலாம்.

எங்கட வீடு மட்டக்களப்புக் கல்லடி. மூத்தவளுக்கு முழுக்க, ஒருக்காப் பாவிச்சு எறியிற பம்பஸ்தான் கட்டின, அப்ப விலை பெரிசாத் தெரியல. ரெண்டாவது வயித்துல இரிக்கக்குள்ளதான் 2022, டொலர் 200 ரூபாயில இருந்து 360 க்குப் போன நேரம், நாலு பம்பஸ் உள்ள சின்னப் பக்கட்டு 400 ரூபாயத் தாண்டிட்டு. ஒரு நாளைக்கு அஞ்செண்டு வச்சாலும் 500 ரூபா, மாசம் 15,000. அந்தக் காசுக்கு அரிசி வாங்கலாம், மா வாங்கலாம், மூத்தவளுக்கு ஸ்கூல் சப்பாத்து வாங்கலாம். அந்த வருசம் தை மாசம்தான் அம்பாறைப் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டுல பிளாஸ்டிக்கத் திண்டு யானை செத்துக் கிடந்த படமும் வந்த, எட்டு வருசத்துல 20 யானைக்குக் கிட்ட அப்பிடிச் செத்திரிக்கு எண்டு போட்டிருந்தாங்க. எனக்கு அது மனசுல குத்திட்டு. மூத்தவள்ட பம்பஸ எங்கட வீட்டுக்காரர் மண்ணுக்குள்ளதான் புதைக்கிற, நாய் வந்து கிளறி வெளிய போட்டுடும், ஈரத்துல எரியவும் எரியாது. ஒருக்கா தெரியாம ஒண்டு உடுப்பு வாளிக்குள்ள விழுந்து வெடிச்சிட்டு, உள்ள இருந்த சோடியம் பொலிஅக்ரிலேட் தண்ணிய உறிஞ்சி ஜெலி மாதிரி ஊதி எல்லா உடுப்புலயும் ஒட்டிட்டு, அது மண்ணுக்குள்ள போய் என்ன ஆகும் எண்டு அண்டைக்குத்தான் யோசிச்ச.

முதல்ல நான் வாங்கினது இது இல்ல. ஒன்லைன்ல ஒரு இடத்துல தடிச்ச பேட் உள்ளுக்கு வைக்கிற மாதிரி, பட்டன் வச்ச, பூப் போட்ட நப்பி மூண்டு எடுத்தன். பாக்க வடிவு, ஆனா அந்தப் பேட் காயவே காயாது. காலையில போட்டா பின்னேரம் தொட்டுப் பாத்தா நடுவுல ஈரம், அடுத்த நாள் ஒரு புளிச்ச வாசம். வெயில்லயே இப்பிடி எண்டா மாரிக்கு என்ன செய்யிற? மூண்டுக்கும் குடுத்த காசு இப்பயும் மனசுக்குள்ள கிடக்கு.

மாமிதான் சொன்னா, நாங்க பழைய வேட்டிச் சீலையக் கிழிச்சுத்தான் கட்டின, மெல்லிசாத் துணி பாரு புள்ள எண்டு. அப்பதான் மருதமுனை ஞாபகம் வந்த. அங்க நெய்யிற சாரத்தையும் சீலையையும் கேள்விப்படாத ஆள் கிழக்குல இரிக்க மாட்டாங்க. சுனாமிக்க அந்த ஊர் பட்ட பாடும் எல்லாருக்கும் தெரியும், அதுக்குப் பிறகும் தறிச் சத்தம் நிக்கல்ல. பெற்றோலுக்கு லைன் நிண்ட காலம், வீட்டுக்காரர்ட பைக்க எடுக்கேலா, கல்முனை பஸ்ஸுல ஏறிக் களுவாஞ்சிக்குடி, கல்லாறு, பெரியநீலாவணை எல்லாம் தாண்டிப் போய் இறங்கி விசாரிச்சுக் கண்டுபிடிச்ச வீடுதான் இது. கடை எண்டு போட் ஒண்டும் இல்ல. அந்த வீட்டு அக்கா, ராத்தா எண்டுதான் கூப்பிடுற, தறில இருக்கிறா, மகள் பக்கத்துல மெசின்ல தைக்கிறா. குழந்தைக்கு எண்டு சொன்ன உடன சாரத்துத் துணி வேணாம், சாயம் போடாத வெள்ளை நூல்ல ஐதா நெய்ஞ்சு தாறன் மகள், மூண்டு கிழமை பொறுங்க எண்டா. பொறுத்தன்.

27 அங்குலச் சதுரம், ரெண்டு மூலையில நாடா. ஒண்டு 220 ரூபாப் படி 24 க்கு 5,280 ரூபா, பதினொரு நாள் பம்பஸ் காசு அவ்வளவுதான். இந்தச் சதுரம்தான் எல்லாத்தையும் விட முக்கியம், ஏனெண்டா மடிச்சா நடுவுல எட்டுப் படை வரும், விரிச்சா ஒத்தப் படை. கட்டக்குள்ள தடிப்பு, காயக்குள்ள மெல்லிசு. பச்சப் புள்ளைக்குச் சின்னதா மடிக்கலாம், ஒண்டரை வயசுக்குப் பெரிசா மடிக்கலாம், சைஸ் மாத்தி மாத்தி வாங்கத் தேவல்ல. ஆடியில ரெண்டாவது மகள் பிறந்து கச்சான் எண்ட சுடு காத்து அடிக்கக்குள்ள முக்கால் மணித்தியாலத்துல காஞ்சிடும். சின்னவன் பிறந்தது ஐப்பசி கடைசி, அடை மழை, அந்தக் காலத்துலதான் இந்தத் துணிட அருமை தெரிஞ்ச. குசினிக்குள்ள அடுப்புக்கு மேல கயிறு கட்டி ராவு போட்டா விடியக் காஞ்சிருக்கும். தடிச்ச நப்பி எண்டா அந்த மாரிக்கு நான் திரும்பப் பம்பஸுக்குத்தான் போயிருப்பன்.

வாங்கின உடன கட்டிப் பாத்தா தண்ணிய உறிஞ்சாது, அதப் பாத்திட்டு துணி சரியில்ல எண்டு நினைச்சிடாதீங்க. நூலுக்குக் கஞ்சி போட்டுத்தான் நெய்யிற, அது போகணும். ராத்தா சொன்ன மாதிரி ஒரு ராவு தண்ணில ஊறப் போட்டு, அடுத்த நாள் பெரிய பானையில அவிச்சு, வெயில்ல காயப் போட்டு, திரும்பவும் அப்பிடியே நாலு தரம் செஞ்சன். அதுக்குப் பிறகு பஞ்சு மாதிரி. உடுப்புக்கு விடுற வாசத் தண்ணிய மட்டும் இதுக்குக் கிட்டயும் கொண்டு வராதீங்க, அது நூல்ல படிஞ்சு உறிஞ்சிறதக் குறைச்சிடும்.

தோய்க்கிறது கஷ்டம் எண்டுதான் எல்லாரும் பயப்பிடுற. கஷ்டம் இல்ல எண்டு நான் சொல்ல மாட்டன், ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் அதுக்கே போகும், அதுவும் புள்ள பெத்த உடம்போட முதல் மாசம் மாமி இல்லாட்டி எனக்கு ஏலாது. மலத்த டொய்லட்டுல தட்டிட்டு உடன பச்சத் தண்ணில அலசிடணும், முதலே சுடுதண்ணி விட்டா கறை துணில பிடிச்சிடும். பிறகு சவர்க்காரம் போட்டுத் தோய்ச்சா சரி. கிழமைக்கு ஒருக்கா சிரட்டை போட்டு எரிச்சு அவிச்சு எடுப்பன். எங்கட கிணத்துத் தண்ணி கடலுக்கும் வாவிக்கும் நடுவுல உவர், சவர்க்காரம் நுரைக்காது, துணியும் மஞ்சளடிச்சிட்டு, அதால உன்னிச்சைக் குளத்துல இருந்து வார பைப் தண்ணிய இதுக்கெண்டு பிடிச்சு வைப்பன். கறை இரிந்தா தேசிக்காப் புளி தேச்சு உச்சி வெயில்ல ஒள்ளுப்ப நேரம் விட்டாப் போதும், வெயில் வெளுத்துடும். கடைசியா அலசிற தண்ணி வாழைக்குப் போகும்.

குறையும் இரிக்கு. நாடா சரியான கட்டை, ஒரு வயசுக்குப் பிறகு இடுப்பச் சுத்திக் கட்டேலாமப் போய் நான் எல்லாத்துக்கும் புது நாடா வச்சுத் தைச்சன், போன அஞ்சும் நாடா வச்ச மூலை கிழிஞ்சுதான் போன. ரெண்டு நப்பில கரையில சிவப்பு நூல் ஓடியிருந்த, முதல் அவிப்புலயே சாயம் இறங்கி மற்றதெல்லாம் இளஞ்சிவப்பாகிட்டு, சாயம் போடாத நூல் எண்டு சொல்லி வாங்கினதுல அது நடந்திருக்கக் கூடாது. ராத்தாட்ட போன் பண்ணிச் சொன்னன், மனம் வருத்தப்பட்டு அடுத்த ஓடர்ல ரெண்டு சும்மா தாறன் எண்டா. ராவைக்கும் இது காணாது, ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா மாத்தணும், இல்லாட்டிப் பாய் நனையும், புள்ளயும் எழும்பும். நான் ராவுக்கு ஒரு பம்பஸும் தூரப் பயணத்துக்கு ஒண்டும் கட்டினன், அத மறைக்கல்ல. மாசம் 15,000 எண்டு வந்தது 3,000 க்குக் கொஞ்சம் மேல நிண்ட. மூத்தவளுக்குக் கச்சான் நேரம் தொடை இடுக்கெல்லாம் சிவந்து அழுவாள், இது ரெண்டுக்கும் அப்பிடி வந்தது குறைவு, வீட்டுக்கு வார மிட்வைஃபும் காத்துப் பட விடுங்க எண்டுதான் சொல்லுவா.

வேலைக்குப் போற அம்மாமார் டேகெயாருக்கு இதக் குடுத்து விடேலா, அவங்க எடுக்க மாட்டாங்க. அவங்களுக்கு ராவும் லீவு நாளும் பாக்க ஒரு பன்னிரண்டு காணும். வீட்டுல இரிக்கிறவங்களுக்கு 24 வேணும், மாரில பிறக்கிற புள்ளைக்கு 30 எடுங்க.

தங்கச்சிக்குத் தைப்பூசத்தோட நாள் சொல்லியிரிக்கு. 19 யும் அவிச்சுக் கட்டி வச்சிட்டன், குறையிற 11 க்கு ராத்தாட்ட நேத்துச் சொல்லியாச்சு, இந்த முறை நாடா 18 அங்குலம், சிவப்பு நூல் ஒரு இழையும் வேணாம் எண்டு எழுதியே குடுத்திரிக்கன்.