முழு உரமா, கால் உரமா? ஒரே போத்தலில் இரண்டு பாசி

இறால் குஞ்சுகளுக்குத் தீனியாகக் கீட்டோசெரசு, டெட்ராசெல்மிசு என்ற இரண்டு கடல் நுண்பாசிகளையும் ஒன்றாக வளர்க்க நினைப்பவர்கள், உரம் எவ்வளவு போடுவது என்றுதான் முதலில் கேட்பார்கள். திருகோணமலை உப்புவெளியில் வீட்டு யன்னலோரம் போத்தல்கள் வைத்துப் பார்த்த பிறகு, எது முதலில் தீர்கிறது என்பதுதான் முக்கியம் என்று எனக்குப் பட்டது.

கடல் பாசி வளர்க்கப் பலரும் பாவிக்கும் எஃப்/2 என்ற உரக் கலவையை முழு அளவில் ஊற்றினால், லீற்றருக்கு நைத்திரேற்று 882 மைக்ரோமோல், பொசுபேற்று 36, சிலிக்கேற்று 106. கீட்டோசெரசு ஒரு தயற்றம், அதாவது சிலிக்கா ஓடுள்ள நுண்பாசி. ஓடு கட்ட அதற்குச் சிலிக்கேற்று வேண்டும், அதுவும் கிட்டத்தட்ட நைத்திரேற்று எடுக்கும் அளவுக்கு. பச்சைப் பாசியான டெட்ராசெல்மிசுக்கு அது தேவையே இல்லை. 106 தீர்ந்ததும் தயற்றம் நின்றுவிடும்; மிச்ச நைத்திரேற்று எல்லாம் பச்சைப் பாசிக்குத்தான். என் முதல் போத்தல் முதலில் தேன் நிறமாக இருந்தது. அப்புறம் மெல்லப் பச்சை ஏறி, பின்னால் கை வைத்தால் விரல் தெரியாத கரும்பச்சையானது. அவ்வளவு அடர்த்தியில் வெளிச்சமும் உள்ளே இறங்காது.

கால் அளவில் விளைச்சல் குறைவு, தண்ணீர் தெளிவு. ஆனால் விகிதம் அதேதான். இங்கும் சிலிக்கேற்றுதான் முதலில் தீரும்.

நான் சொல்வது மூன்றாவது வழி: கால் உரம், கூடவே கொஞ்சம் சோடியம் சிலிக்கேற்று, தினமும் ஒரு பங்கு எடுத்துவிட்டுப் புது நீர். சிலிக்கேற்றைக் கலக்கிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விடுங்கள், இல்லாவிட்டால் வெண்மையாகப் படிந்துவிடும். நைத்திரேற்றுக்குச் சமமாகவும் ஏற்றாதீர்கள். தயற்றத்தைச் சிலிக்கேற்றும் பச்சையை நைத்திரேற்றும் கட்டுப்படுத்தினால்தான் இரண்டும் தங்கும். சூழலியலாளர் டேவிட் டில்மன் 1976இல் இரண்டு நன்னீர்த் தயற்றங்களில் இதைக் காட்டினார்: ஒன்றுக்குச் சிலிக்கேற்றும் மற்றதுக்குப் பொசுபேற்றும் பற்றாக்குறையான இடைப்பட்ட விகிதங்களில் இரண்டும் சேர்ந்து வாழ்ந்தன.

கொட்டியாரக் குடாவில் நீர் எடுப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அங்கே மகாவலி ஆறு கலக்கிறது. ஆற்று நீரில் சிலிக்கேற்று கூடுதல். மாரியில் எடுத்த நீருக்குப் பங்குனியில் போட்ட அதே அளவு சிலிக்கேற்று வேண்டியிருக்காது. உப்பளவையும் முதலில் பாருங்கள். மழைக்குப் பிறகு அது இறங்கியிருக்கும்.