ஃப்ளர்ட் போல்: குச்சி சுமார்தான், ஆனா கூப்பிட்டா நாய் வருது

எங்க வீட்டுல இருக்கறது சிப்பிப்பாறை, பேரு மின்னல், 14 மாசம். வீட்டுக்குள்ள அவ்ளோ சமத்து, கண்மாய்ப் பக்கம் கயித்த அவுத்துட்டா நான் யாரோ அவ யாரோ. அவிச்ச ஈரல காட்டுனாலும் மோந்துகூட பாக்க மாட்டா. முயல் வெரட்டுறதுக்குன்னே வளத்த ஜாதியாச்சே. தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர்தான், "தம்பி, அதுக்கு வெரட்டுறதுதான் சோறு, அதையே கூலியா குடு"ன்னாரு. சரின்னு 650 ரூபாய்க்கு இந்த ஃப்ளர்ட் போல் குச்சிய ஆன்லைன்ல வாங்குனேன். தூண்டில் மாதிரி ஒரு குச்சி, நுனியில எலாஸ்டிக் கயிறு, அதுல முடி வச்ச பொம்மை, அவ்ளோதான்.

மொட்டை மாடியில ஆரம்பிச்சோம். "வா"ங்கிற வார்த்தைய நானே கெடுத்து வச்சிருந்தேன், வந்தா சங்கிலி இல்லன்னா குளியல், எவ வருவா? அதனால புதுசா விசில். ஒரே ஒரு தடவை ஊதுறது, அவ திரும்புன உடனே பொம்மைய தரையோட இழுத்துக்கிட்டு நான் எதிர்ப்பக்கம் ஓடுறது, புடிச்சதும் கொஞ்சம் இழுபறி, "விடு"ன்னா விட்டா மறுபடி ஓட்டம். 5 நிமிஷந்தான், ஆசை தீர்றதுக்குள்ள குச்சிய ஒளிச்சு வச்சிடுவேன். அப்புறம் கண்மாய்ல 10 மீட்டர் கயித்தோட. அத ஹார்னஸ்லதான் (நெஞ்சச் சுத்தி மாட்டுற வார்) மாட்டணும், காலர்ல மாட்டுனா அவ ஓடுற வேகத்துக்கு கழுத்து போயிரும். வந்ததும் உடனே கட்டிப் போடாம விளையாடிட்டு "போ"ன்னு திருப்பி விட்டுடணும், பாதி வேலை இதுலதான் நடக்குது.

ரெண்டு மாசம் இருக்கும், கருவேலம் புதர்லருந்து ஒரு கீரி குறுக்க ஓடுச்சு, நாலு தாவு தாவிட்டா. விசில் ஊதுனேன். கால் சறுக்கி புழுதி கிளம்ப நின்னு, கீரிய ஒரு தடவை பாத்தா, குச்சிய ஒரு தடவை பாத்தா, வந்துட்டா. எனக்கு கை நடுங்கிருச்சு.

இனி பொருளப் பத்தி. பொம்மை தையல் ரெண்டே நாள்ல பிரிஞ்சு பஞ்சு வந்திருச்சு, மூணாவது வாரம் எலாஸ்டிக் அறுந்து என் மணிக்கட்டுலயே சுளீர்னு அடிச்சுது. கேட்டா "விளையாடிக் கிழிஞ்சதுக்கு ரிட்டர்ன் கிடையாது"ங்கிறாங்க, பின்ன எதுக்கு வாங்குறது சாமி? இப்ப ஹார்டுவேர் கடை நைலான் கயிறும் பழைய ஜீன்ஸ் துணி முடிச்சும்தான் ஓடுது.

குட்டி நாய்னா குதிக்க விடாதீங்க, மூட்டுக்கு ஆகாது, வழுக்குற டைல்ஸும் வேணாம். 3 ஸ்டார். நல்ல உசரமா இருக்கறவங்க இன்னும் நீளமான குச்சியா பாருங்க, குனிஞ்சு குனிஞ்சு எனக்கு இடுப்பு போச்சு.