கிலோவுக்கு ஒரு லிட்டர் டீசல் என்று யாராவது சொன்னால் முன்பணம் கட்டிவிடாதீர்கள்

கழிவு பிளாஸ்டிக்கைச் சூடேற்றி அதிலிருந்து எரிபொருள் எடுக்கும் இயந்திரத்தை வாங்கி, பதினான்கு மாதம் ஓட்டி, பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிட்டவன் எழுதுகிறேன். விற்றவர்களின் பெயர் வேண்டாம், இதே கணக்கைக் காட்டி விற்பவர்கள் நிறையப் பேர்.

அவர்கள் ஓட்டிக் காட்டியபோது கிலோவுக்கு ஒரு லிட்டர் வந்தது உண்மைதான். அந்த எண்ணெயின் அடர்த்தி 0.8 பக்கம் என்பதால், எடையில் 80 சதவீதம் எண்ணெயானாலே போதும், லிட்டர் கணக்கு சரியாகிவிடும். ஆனால் அன்று போட்டது கழுவிக் காயவைத்த பாலிஎதிலீன், அதாவது பை, கேன் செய்யும் பிளாஸ்டிக். எனக்கு வந்த லோடில் ஈரம், மண், பெட் பாட்டில், பிவிசி குழாய்த் துண்டு எல்லாம் கலந்திருந்தன. பிவிசியின் எடையில் பாதிக்கு மேல் குளோரின், சூடேறினால் ஹைட்ரோகுளோரிக் அமிலமாக வெளியேறும். மூன்றாம் மாதமே ஆவியைக் குளிரவைத்து எண்ணெயாக்கும் கண்டென்சர் குழாயில் ஊசி குத்தியது போல ஓட்டைகள். பெட் போனால் வெள்ளைப் பொடி படிந்து குழாய் அடைக்கும். சரி, பிரித்துப் போடலாம் என்றால் ஆள் வேண்டும், அவர்கள் கொடுத்த கணக்கில் பிரிக்கிற கூலி என்றொரு வரியே கிடையாது. டன்னுக்கு 450 லிட்டரை நான் தாண்டியதில்லை.

வந்ததும் டீசல் இல்லை. பெட்ரோல் போன்ற லேசான பகுதியிலிருந்து மெழுகு வரை எல்லாம் கலந்தது, மறுபடி காய்ச்சிப் பிரிக்க வேண்டும். பாட்டிலில் பொன்னிறமாக எடுத்து வைத்தது ஆறு வாரத்தில் கறுத்து, அடியில் பிசின் கட்டிவிட்டது. வாங்க வந்தவர் பாட்டிலைச் சாய்த்துப் பார்த்துவிட்டு கொதிகலனில் எரிக்கும் ஃபர்னஸ் ஆயிலுக்கும் கீழே ஒரு விலை சொன்னார்.

புகார் சொன்னபோதுதான் நிலக்கரிக் கதை வந்தது. "நிலக்கரித்தூள் சேருங்க சார், அதுலயும் எண்ணெய் வரும், ஜெர்மனியும் தென்னாப்பிரிக்காவும் செஞ்சதுதானே." செய்தார்கள், வெளியிலிருந்து எண்ணெய் கிடைக்காத கட்டாயத்தில், அரசாங்கப் பணத்தில். டீசலில் ஒரு கார்பனுக்கு ஏறக்குறைய இரண்டு ஹைட்ரஜன், நிலக்கரியில் ஒன்றுகூடத் தேறாது. அந்தக் குறையை நிரப்ப 200 வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் ஹைட்ரஜனை ஏற்ற வேண்டும், இல்லையென்றால் கரியை முழுக்க வாயுவாக்கி அதிலிருந்து எண்ணெய் கட்ட வேண்டும். பிளாஸ்டிக் தன் ஹைட்ரஜனைக் கொடுக்கும்தான், அதற்கும் அழுத்தமும் வினையூக்கியும் வேண்டும். வெறுமனே சூடேற்றும் என் டிரம்மில் நிலக்கரி போட்டால் கொஞ்சம் தாரும் மிச்சமெல்லாம் கரிக்கசடும்தான்.

இன்னொன்று, அவர்கள் லாபக் கணக்குப் போட்டது கச்சா எண்ணெய் உச்சத்தில் இருந்த விலைக்கு. 2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல், 2016 தொடக்கத்தில் 30க்கும் கீழே போனது. நம் கூலியும் கரண்ட் பில்லும் அதோடு சேர்ந்து இறங்காது.

வாங்கியே தீருவேன் என்பவர்கள், உங்களுக்குக் கிடைக்கப்போகிற அதே குப்பையில் ஒரு லோடு கொண்டுபோய் அவர்கள் இயந்திரத்தில் மூன்று தடவை ஓட்டச் சொல்லுங்கள். எண்ணெயை மட்டுமல்ல, அடியில் தங்கும் கரிக்கசடையும் எடை போடுங்கள். இயந்திரம் போன பிறகும் அந்தக் கசடு பதினோரு மூட்டை என் ஷெட்டில் கிடக்கிறது, காசு கொடுக்கிறேன் என்றாலும் எடுத்துப்போக ஆளில்லை.