வெளிச்சம் பட்டதும் நுரை அடங்கணுமா? எந்த மூலக்கூறைப் பிடிப்பது?

ஒரு கண்ணாடித் தட்டில் தண்ணீர். அதில், ஒளி பட்டால் வடிவம் மாறும் அசோபென்சீன் என்ற மூலக்கூறைக் கோத்த சோப்பு போன்ற ஒரு பொருளைக் கரைத்திருக்கிறார்கள். மேலே ஒலியிக் அமிலம் என்ற எண்ணெய் போன்ற திரவத்தின் ஒரு சொட்டு மிதக்கிறது. ஓரத்தில் புறஊதா ஒளியைக் காட்டினால் சொட்டு ஒளியை விட்டு விலகிப் போகிறது. நீல ஒளியைக் காட்டினால் அதைத் தேடி வருகிறது. பாரிஸில் தாமியான் பேகல் குழுவினர் 2009-இல் செய்து காட்டியது இது. வேகம் விநாடிக்கு அதிகபட்சம் 0.3 மில்லிமீட்டர் அளவுதான், நத்தைகூட முந்திவிடும். ஆனால் சொட்டை எதுவும் தொடவில்லையே! ஒளி மூலக்கூறை மாற்றுகிறது; அதனால் திரவப் பரப்பைத் தோல் போல இழுத்துப் பிடிக்கும் பரப்பு இழுவிசை இடத்துக்கு இடம் மாறி, சொட்டு நகர்கிறது.

இதற்கெல்லாம் மூலக்கூறு எதற்கு, லேசரால் சூடுபடுத்தினாலே பரப்பு இழுவிசை குறையுமே என்று கேட்கலாம். குறையும். 25 டிகிரியில் தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் அது ஏறக்குறைய 0.15 இறங்கும். அதாவது 10 மில்லிநியூட்டன் இறக்க, இருப்பதைவிட 60 டிகிரிக்கு மேல் கூடுதலாகச் சூடேற்ற வேண்டும். எதையும் கலக்க வேண்டாம் என்பது சூட்டு வழியின் நல்ல குணம். ஆனால் உள்ளே புரதமோ உயிரணுவோ இருந்தால் வெந்துவிடும். அதனால் அதை ஓரமாக வைத்துவிட்டு மூலக்கூறுகளுக்கு வருவோம்.

ஒளிக்கு வடிவம் மாறும் மூலக்கூறுகளில் அசோபென்சீன்தான் மூத்தது. ஒளி பட்டால் அது வடிவம் மாறும் என்பதை வேதியியலாளர் ஹார்ட்லி 1937-லேயே கண்டுபிடித்துவிட்டார். நேராக நீண்டிருக்கும் டிரான்ஸ் வடிவம், 365 நானோமீட்டர் புறஊதா ஒளி பட்டதும் வளைந்து சிஸ் ஆகிறது. நீளம் 0.9 நானோமீட்டரிலிருந்து 0.55-க்குச் சுருங்கும். கூடவே, மின்முனைத்தன்மை (ஒரு பக்கம் நேர், மறுபக்கம் எதிர் மின்சுமை சாய்ந்திருப்பது) ஏறக்குறைய இல்லாத மூலக்கூறுக்குக் கணிசமான மின்முனைத்தன்மை வந்துவிடும். சோப்பின் வாலில் இதை வைத்தால் என்ன ஆகும்? நேராக இருக்கும்போது தண்ணீரைப் பிடிக்காமல் மேற்பரப்பில் நெருக்கி நிற்கும். வளைந்ததும் தண்ணீரோடு ஓரளவு ஒத்துப்போய் உள்ளே இறங்கிவிடும்.

பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. ஒளி பட்ட பிறகு எத்தனை மூலக்கூறு மாறியது என்று மட்டும் பார்க்கிறார்கள். மேற்பரப்புக்கு வேண்டிய கணக்கே வேறு: வந்து ஒட்டும் வேகமும் கழன்று போகும் வேகமும். இவ்வகை அசோபென்சீன் சோப்பு ஒன்றில் அளந்தபோது, சிஸ் வடிவம் டிரான்ஸைவிட ஏறக்குறைய 10 மடங்கு வேகமாகப் பரப்பில் ஒட்டியது, கழன்று போனதோ 300 மடங்கு வேகமாக. ஒட்டுவதிலும் கெட்டிக்காரன், ஓடுவதில் அதைவிடக் கெட்டிக்காரன்! அதனால் ஒளி பட்ட இடத்தில் பரப்பு மளமளவென்று காலியாகி இழுவிசை ஏறுகிறது. நுரையில் புறஊதாவைப் பாய்ச்சினால் குமிழிகளைத் தாங்கும் படலங்கள் நிலைகுலைந்து நுரை அடங்குவதும் இதனால்தான்.

குறை இல்லாமல் இல்லை. நீல ஒளியில் திருப்பும்போது கணிசமான பங்கு சிஸ்ஸாகவே தங்கிவிடும், முழுசாகத் திரும்பாது. இருட்டில் விட்டாலும் திரும்பும், ஆனால் சாதாரண அசோபென்சீனுக்கு நாள் கணக்கில் பொறுமை வேண்டும்.

இங்கேதான் அரைல்அசோபைரசோல் வருகிறது. 2014-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஃபக்டர் குழு வெளியிட்டது. அசோபென்சீனின் ஒரு பக்க பென்சீன் வளையத்துக்குப் பதில் நைட்ரஜன் உள்ள பைரசோல் வளையம், அவ்வளவுதான் மாற்றம். ஆனால் புறஊதாவில் போவதும் பச்சை ஒளியில் வருவதும் ஏறக்குறைய முழுமையாக நடக்கிறது. வளைந்த வடிவத்தின் அரை ஆயுள் (இருட்டில் பாதி திரும்ப ஆகும் காலம்), மூலக்கூறைப் பொறுத்து, பத்து நாள் அளவிலிருந்து 1000 நாள் வரை போகிறது. ஒருமுறை ஒளி காட்டிவிட்டு விளக்கை அணைத்துவிடலாம், பரப்பு அப்படியே இருக்கும். விளக்கை அணைத்ததும் தானாகப் பழையபடி ஆக வேண்டும் என்பவருக்கு இது சரிப்படாது.

அடுத்த மூலக்கூறு ஸ்பைரோபைரான், பார்க்க அழகு. நிறமில்லாத மூடிய வடிவம், புறஊதா பட்டால் திறந்து ஊதா நிற மெரோசயனின் ஆகிறது. ஒரே மூலக்கூறில் நேர், எதிர் மின்சுமை இரண்டும் பிரிந்து நிற்பதால் மின்முனைத்தன்மையில் வரும் மாற்றம் அசோபென்சீனைவிடப் பெரியது. காகிதத்தில் இதுதான் ஜெயிக்க வேண்டும். ஆனால் தண்ணீருக்குத் திறந்த வடிவத்தை மிகவும் பிடிக்கும், இருட்டிலேயே திறந்துகொள்ளப் பார்க்கும். போதாததற்குத் தண்ணீர் அதை மெல்ல மெல்ல உடைக்கவும் செய்யும். நிறத்தைப் பார்த்து மயங்கி இதை எடுப்பவர்கள் அதிகம். சில முறை மட்டும் மாற்றினால் போதும் என்றால் எடுக்கலாம், நூறு முறை என்றால் நான் எடுக்க மாட்டேன்.

ஒளிக்கு மாறும் இன்னொரு வகை, ஸ்டென்ஹவுஸ் சேர்மங்கள் பற்றிச் சுருக்கமாக: புறஊதாவே வேண்டாம், கண்ணுக்குத் தெரியும் ஒளியே போதும், இருட்டில் தானாகத் திரும்பும். டொலுவீன் மாதிரியான கரைப்பானில் அருமையாக வேலை செய்யும். தண்ணீரில் மூடிய வடிவத்திலேயே மாட்டிக்கொள்ளும். எண்ணெய்ப் பக்கம் வேலை இருப்பவர்கள் பார்க்கலாம்.

அப்புறம், எதை எடுத்தாலும் ஒளி எவ்வளவு ஆழம் போகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். டிரான்ஸ் அசோபென்சீன் புறஊதாவை ஆவலாக விழுங்கும். அது ஒளியை மிக அதிகமாக விழுங்கும் அலைநீளத்தில் அதன் மோலார் உட்கவர் திறன் (எவ்வளவு ஒளியை விழுங்கும் என்பதன் அளவு) 20,000 லிட்டர்/மோல்·செ.மீ. என்று வைத்தால், லிட்டருக்கு ஒரு மில்லிமோல் கரைசலில் முதல் அரை மில்லிமீட்டருக்குள்ளேயே 90 சதவீத ஒளி காலி. அகலமான பாத்திரத்தில் கரைசலை நிரப்பிப் பக்கவாட்டிலிருந்து விளக்கைக் காட்டிவிட்டு ஒன்றும் நடக்கவில்லையே என்று மூலக்கூறைத் திட்டிப் பயனில்லை. மேலிருந்து காட்டுங்கள், இல்லாவிட்டால் செறிவைக் குறையுங்கள்.