வெள்ளை கிரேட் டேன் நாய்க்குட்டிக்கு முன்பணம் கட்டப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்

போன வாரம் தோழி ஒருத்தி வாட்சாப்பில் ஒரு விளம்பரம் அனுப்பினாள். "உன் முல்லை மாதிரியே இருக்கு, பாரேன்." நீலப் போர்வை மேல் பால்வெள்ளைக் குட்டி ஒன்று. மூக்கு இளஞ்சிவப்பு, கண் வெளிர் நீலம். ‘அபூர்வ நிறம், ஒன்றே ஒன்றுதான், 7,000 வெள்ளி’ (மலேசிய ரிங்கிட்) என்று போட்டிருந்தது. விற்பவரின் பெயர் வேறு, போன் எண் வேறு. ஆனால் அந்தப் போர்வையை எனக்குத் தெரியும். அதன் ஓரம் கிழிந்திருக்கும் இடம்கூடத் தெரியும். அதன் மேலிருந்துதான் என் முல்லையை நான் தூக்கி வந்தேன். இத்தனை நாள் எழுதாமல் வைத்திருந்ததை இன்று எழுத அதுதான் காரணம்.

2024 அக்டோபர் முதல் வாரம் அது. நாங்கள் கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் இருக்கிறோம். கோர்னர் வீடு, பக்கத்தில் கொஞ்சம் நிலம் உண்டு. என் வீட்டுக்காரர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். சின்ன வயதில் துரை பங்களா வேலிக்கு வெளியே நின்று, உள்ளே உலாவும் கிரேட் டேனைப் பார்த்துக்கொண்டே இருப்பாராம். "கன்னுக்குட்டி உயரம் இருக்கும், ஆனா ஒரு பிள்ளையைக்கூட உரசாது" என்று கல்யாணமான புதிதிலிருந்தே சொல்லிவருகிறார். அவருடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு குட்டி வாங்கித் தரலாம் என்று நானும் மகனும் சேர்ந்து காசு சேர்த்தோம்.

விற்பவர் வீடு கோலாலம்பூரிலிருந்து வடக்கே முக்கால் மணி நேரம். வாடகை வீடு, சுத்தமாகத்தான் இருந்தது. ஆறு குட்டிகள். விற்ற தம்பி தன்மையாகப் பேசினார். "அக்கா, மத்ததெல்லாம் 4,500. இது 6,500. ஆயிரத்துல ஒன்னுதான் இப்படி வெள்ளையா பிறக்கும். நாளைக்கு ஒரு ஆள் பார்க்க வர்றாரு." தாய் தகப்பன் படத்தையும் போனில் காட்டினார். தாய்க்கு வெள்ளை உடம்பில் கிழித்து ஒட்டியதுபோலக் கறுப்புத் திட்டுகள். அதற்கு ஹார்லிக்வின் என்று பெயர். தகப்பன் சாம்பல் நிறம், மேலே கருந்திட்டுகள், அது மெர்ல். "ரெண்டும் அப்படி ஒரு அழகு, பாருங்க" என்றார். நாங்களும் ஆமாம் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களைத் தடுத்திருக்க வேண்டியது அந்த இரண்டு படங்கள்தான்.

மெர்ல் என்பது உடம்பின் நிறத்தை அங்கங்கே வெளுக்கச் செய்யும் மரபணு. ஒரு பிரதி இருந்தால் அழகான திட்டு நிறம் வரும். ஹார்லிக்வின் நாயிடமும் அதே மெர்ல் ஒரு பிரதி இருக்கிறது. இப்படி இரண்டு நாய்களை இணை சேர்த்தால், பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, இரண்டு பிரதியும் சேர்ந்து வருவதற்கு. அப்படி வந்த குட்டிதான் ஏறக்குறைய முழு வெள்ளையாகப் பிறக்கிறது. நிறம் தரும் உயிரணுக்கள் உட்காதுக்கும் தேவை. அவை போய்ச் சேராததால் இந்தக் குட்டிகளில் பல செவிடாகிவிடுகின்றன. சிலவற்றுக்குக் கண் சிறுத்துப்போகும், கண்மணி கோணலாக இருக்கும். ஆகவே இந்த வெள்ளை அபூர்வமே இல்லை. யார் வேண்டுமானாலும் இரண்டு மெர்ல் நாய்களைச் சேர்த்துவைத்து வருவித்துவிடலாம். பொறுப்பாக வளர்ப்பவர்கள் அப்படிச் சேர்க்கவே மாட்டார்கள். நாய் இனங்களுக்குத் தரம் வகுக்கும் உலக அமைப்பான எஃப்சிஐயின் கிரேட் டேன் தரநிலை, எண் 235, கறுப்புத் திட்டே இல்லாத வெள்ளை நாயையும் செவிட்டு நாயையும் தகுதி நீக்கம் செய்கிறது. போட்டியில் நிறுத்தவே முடியாத நிறத்துக்குத்தான் நான் 2,000 வெள்ளி கூடுதலாகக் கொடுத்தேன்.

காது கேட்குமா என்று அன்று நான் கேட்காமலும் இல்லை. அந்தத் தம்பி சாவிக்கொத்தால் இரும்புக் கேட்டைத் தட்டினார். ஆறு குட்டிகளும் திரும்பின, முல்லையும் திரும்பினாள். பின்னால்தான் டாக்டர் விளக்கினார்: கேட்காத குட்டி, கூடப்பிறந்தவை திரும்பும்போது தானும் திரும்பும். கூட்டத்தில் வைத்துப் பார்த்தால் கண்டுபிடிக்கவே முடியாது. குட்டியைத் தனியாக வேறு அறைக்குத் தூக்கிப்போய், அது வேறு பக்கம் பார்க்கும்போதோ தூங்கும்போதோ பின்னாலிருந்து சத்தம் கொடுத்துப் பாருங்கள். தரையைத் தட்டக்கூடாது, அதிர்வு தெரிந்துவிடும். முகத்தருகே கைதட்டவும் கூடாது, காற்று படும். விற்பவர் தனியே தூக்கிப்போக விடவில்லையென்றால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

தீபாவளிக்கு முந்தின இரவுதான் எங்களுக்குத் தெரியவந்தது. எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) முழுக்கப் பட்டாசு. எங்கள் பழைய நாய் கறுப்பன் கட்டிலுக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்தான். முல்லை மட்டும் ஹாலின் நடுவில், குளிர்ந்த தரையில் நான்கு காலையும் நீட்டித் தூங்கினாள். "தைரியமான பிள்ளை" என்று என் வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னார். என் மகன் ஒன்றும் பேசாமல் அடுப்பங்கரைக்குப் போய் இரண்டு பானை மூடிகளை எடுத்து வந்து அவள் தலைக்குப் பின்னால் ஓங்கித் தட்டினான். அவள் காதுகூட அசையவில்லை. முறுக்கு மாவைப் பிசைந்த கையோடு நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

விடுமுறை முடிந்ததும் கிளினிக்குக் கொண்டுபோனோம். இரண்டு காதும் கேட்கவில்லை. இடது கண்மணி வட்டமாக இல்லாமல் கீழே சரிந்திருந்தது. டாக்டர் தடுப்பூசி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, மருத்துவரின் முத்திரையும் இல்லை, கையெழுத்தும் இல்லை. ‘பின்னால் வரும்’ என்று சொன்ன எம்கேஏ (மலேசிய நாய் வளர்ப்போர் சங்கம்) சான்றிதழ் வரவே இல்லை. தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப்பும் இல்லை.

அந்தத் தம்பிக்கு அழைத்தேன். மறுக்கவில்லை, வருத்தமும் படவில்லை. "பரவாயில்லக்கா, அதைக் கொண்டாந்து குடுத்துட்டு வேற குட்டி எடுத்துக்கோங்க" என்றார். இதை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "அதைப் பத்தி உங்களுக்கு எதுக்குக்கா?" அந்த ஒரு பதில் போதுமாக இருந்தது. நாங்கள் அவளைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

இன்னொரு விஷயம். வெள்ளை நாய் வாங்காதவர்களும் இதைக் கட்டாயம் கேளுங்கள். குட்டியோடு கால்சியம் பொடி இரண்டு டப்பா, 170 வெள்ளிக்கு, எங்கள் தலையில் கட்டினார். "பெரிய ஜாதிக்கா, எலும்பு கெட்டியாகணும். சாப்பாடும் கேக்க கேக்க போடுங்க." பெரிய உடம்புக்கு நிறையச் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்பது நமக்கும் நியாயமாகத்தானே படுகிறது? தினமும் இரண்டு கரண்டி போட்டேன். நான்காவது மாதத்தில் முன்னங்கால் மணிக்கட்டு வீங்கியது, பாதம் வெளிப்பக்கம் திரும்பியது, விடிகாலையில் எழும்ப முடியாமல் தவித்தாள். எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் முதலில் கேட்டதே, "கால்சியம் குடுக்குறீங்களா?" என்றுதான்.

பிஞ்சுக் குட்டியின் குடலுக்கு, வேண்டாத கால்சியத்தைத் தள்ளிவிடத் தெரியாது. போட்டதையெல்லாம் உடம்பு வாங்கிக்கொள்ளும். எலும்பு ஒழுங்காக முதிராமல் கோணிப்போகும். அளவில்லாத சாப்பாடும் அதே கெடுதலைத்தான் செய்யும். 1974லேயே அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிரேட் டேன் குட்டிகளை வைத்தே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பெரிய ஜாதிக் குட்டிகளுக்கென்று தயாரிக்கும் உணவில், ஈரம் நீக்கிய எடையில் கால்சியம் 1.8 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்பது அமெரிக்காவில் விலங்குத் தீவனத்துக்குத் தரம் வகுக்கும் ஆஃப்கோ அமைப்பு வைத்திருக்கும் வரம்பு. அந்த உணவே போதும். மேலே எந்தப் பொடியும் வேண்டாம். விலா எலும்பு கைக்குத் தட்டுப்படும்படி ஒல்லியாக, மெதுவாக வளரவிடுங்கள். இந்த ஜாதிக்கு எலும்பு முழுசாக முதிர ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகும். பொடியை நிறுத்தி, அளந்து போட்ட பிறகு முல்லை தேறினாள். இடது பாதம் மட்டும் இன்னும் கொஞ்சம் வெளியே திரும்பித்தான் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கரண்டிதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

காசுக்காகப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போனோம். ஐந்து வெள்ளி கட்டி மனு போடலாம், வழக்கறிஞர் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் எதிராளியின் பெயரும் விலாசமும் சரியாக இருக்கவேண்டும். எங்களிடம் ரசீது இல்லை. பேங்க்-இன் பண்ணிய கணக்கு வேறு யாரோ ஒரு பெண்ணின் பெயரில் இருந்தது. போய்ப் பார்த்தால் வாடகை வீடும் காலி. அங்கேயே எங்கள் கதை நின்றுவிட்டது. உங்களுடையது நிற்கக்கூடாது. விற்பவரின் ஐசியை (அடையாள அட்டையை) பாருங்கள். கம்பெனி என்றால் எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவன ஆணையம்) பதிவைச் சரிபாருங்கள். 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டத்தின்படி கால்நடை சேவைத் துறை கொடுத்த உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். தாயை நேரில் பாருங்கள். ரசீதில் குட்டியின் நிறம், பிறந்த தேதி, சிப் எண், தாய் தகப்பன் நிறம் எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். எழுதித்தரத் தயங்குகிற ஆளிடம் முன்பணமாக நூறு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.

முல்லைக்கு இப்போது பதினான்கு மாதம், 52 கிலோ. இருபதுக்கும் மேற்பட்ட கைச்சைகை தெரியும். இளஞ்சிவப்புத் தோல் வெயிலில் கன்றிப்போவதால் காலை ஏழரைக்குள் நடந்துவிட்டு வந்துவிடுவோம். கருத்தடை செய்தபோதே, இரைப்பை முறுக்கிக்கொள்ளாமலிருக்க அதை விலா ஓரமாக உடம்புச் சுவரோடு சேர்த்துத் தைத்துவிட்டோம். வயிறு உப்பி முறுக்கிக்கொண்டு சில மணி நேரத்தில் உயிரைக் குடிக்கும் ஆபத்து இந்த ஜாதிக்கு அதிகம்.

இதே ஆளிடம் ஏற்கனவே குட்டி வாங்கிவிட்டவர்கள், தயவுசெய்து அதைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். காது கேட்காத நாயோடு வாழலாம். தூங்கும்போது பின்னாலிருந்து தொடாதீர்கள், பதறி எழும். மூக்கருகே கையை நீட்டுங்கள், வாசனையில் தானே விழிக்கும். கேட் பூட்டாமல் வாசலில் விடவே கூடாது, கூப்பிட்டால் வராது. ராத்திரி பக்கத்து நிலத்தில் விட்டால் கையில் ஒரு டார்ச்லைட் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முறை மினுக்கினால் வீட்டுக்கு வா என்று அர்த்தம். முல்லை அதை நான்கே நாளில் கற்றுக்கொண்டாள்.